கிடார்க்காரர்களின் குழூஉக்குறி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், மாணவர் இசைக் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்துவிட்டு வகுப்புத் தோழன் ஒருவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "ஏன்டா, எலக்ட்ரிகல் படிச்சவன் நீ. டிரான்ஸ்ஃபார்மர் பத்திப் பேசுவேன்னு பார்த்தா கிடாரைப் பத்திப் பேசறியே!" என்றான். டிரான்ஸ்ஃபார்மரும் வரும், எர்த்திங்கும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். அவன் மூன்றாவது வரிசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களை நான் இன்னும் மறக்கவில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். கள்ளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வைக்க முடியுமா, சொல்லுங்கள்!

ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் தனிச்சொல் வைத்துக்கொள்வதற்கு இரண்டு காரணம் உண்டு. வெளியாளுக்குப் புரியக் கூடாது என்பது ஒன்று. வேலை சட்டென்று நடக்க வேண்டும் என்பது இன்னொன்று. கிடார் வாசிப்பவர்களின் பேச்சில் இரண்டும் கலந்து கிடக்கிறது. முதல் வகைச் சொற்கள் தெரியாவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அது வெறும் பந்தா. இரண்டாவது வகை தெரியாவிட்டால் கிடார் கெட்டுப் போகும், காசு போகும். அதில் ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஆளே போய்விடுவான். அந்தச் சொல்லுக்காகத்தான் இன்றைக்கு இந்த மேடைக்கு வந்தேன். ஆனால் அதை முதலிலேயே சொன்னால் நீங்கள் டீ குடிக்கப் போய்விடுவீர்கள்!

பந்தா வகையை முதலில் முடித்துவிடுவோம். கிடாருக்கு 'ஆக்ஸ்' என்று பெயர். ஆக்ஸ் என்றால் கோடாரி. கிடாரின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கிடார்க்காரர்களுக்கு முன்பே ஜாஸ் இசைக்காரர்கள் சாக்சபோனையும் ஆக்ஸ் என்றுதான் சொல்லிவந்தார்கள். மரம் வெட்டுகிறவனுக்குக் கோடாரி எப்படியோ அப்படி நமக்கு இது, பிழைப்புக்கான ஆயுதம் என்ற அர்த்தம்.

'சாப்ஸ்' என்ற சொல்லும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான். "அவனுக்கு நல்ல சாப்ஸ்" என்றால் விரல் வேகமும் சுத்தமும் உள்ளவன் என்று பொருள். சொல்லின் மூல அர்த்தம் தாடை, உதடு. டிரம்பெட் ஊதுகிறவருக்கு உதட்டு பலம்தானே எல்லாம்? அவர் சொன்னதைக் கிடார்க்காரன் எடுத்துக்கொண்டான். உதட்டுக்கு வேலையே இல்லாத வாத்தியத்துக்கு உதட்டுச் சொல்!

'உட்ஷெட்' என்றால் விறகுக் கொட்டகை. "மூணு மாசம் உட்ஷெட் பண்ணினேன்" என்று ஒருவன் சொன்னால், யார் காதிலும் விழாத இடத்தில் போய் உட்கார்ந்து பழகினான் என்று அர்த்தம். இதற்கு நம்மிடம் இன்னும் நல்ல சொல் இருக்கிறது: அசுர சாதகம். 'கிக்' என்றால் கச்சேரி. உதைப்பது இல்லை, அது வேறு எழுத்து. 'நூடுல்' என்றால், ஒத்திகையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் வாயில் நுழையாத எதையோ வாசித்துக்கொண்டே இருப்பானே, அந்தக் காரியம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவன் உண்டு. இந்தக் குழுவில் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

'லிக்', 'ரிஃப்' இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். லிக் என்பது நம் சங்கீத வித்வான்கள் 'பிடி' என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். கையில் பழகி வைத்திருக்கும் சின்ன சொற்றொடர், வேண்டிய இடத்தில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ரிஃப் அப்படி இடம் மாற்றக்கூடியது இல்லை. அது பாட்டின் முதுகெலும்பு, திரும்பத் திரும்ப வரும். டீப் பர்ப்பிள் குழு 1972-இல் வெளியிட்ட 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் ஆரம்பம் எல்லாருக்கும் தெரிந்த ரிஃப். புதிதாகக் கிடார் வாங்கிய எவனும் முதல் வாரத்தில் அதை வாசிக்காமல் விட்டதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் சாட்சி.

இனி காசு சம்பந்தப்பட்ட சொற்கள்.

கடையில் 'அக்கூஸ்டிக்' என்று கேட்டால் இரும்புக் கம்பி போட்ட கிடாரை எடுத்துக் கொடுப்பார்கள். 'கிளாசிகல்' என்றால் நைலான் நரம்பு போட்டது. உண்மையில் இரண்டும் மின்சாரமில்லாத அக்கூஸ்டிக் கிடார்தான். ஆனால் கடைப் பேச்சில் சொல் இப்படிப் பிரிந்துவிட்டது. இதிலென்ன வந்தது என்கிறீர்களா? ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. மெல்லிய இரும்புக் கம்பிகளே ஆறும் சேர்ந்தால் 70 கிலோ வரை இழுக்கும். நாங்கள் படித்த காலத்தில் விடுதியில் ஒரு தம்பி, அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த கிளாசிகல் கிடாருக்கு "சத்தம் பத்தலை அண்ணா" என்று இரும்புக் கம்பி மாட்டினான். கடைக்காரரும் "அக்கூஸ்டிக் செட்தானே, எல்லாத்துக்கும் போடலாம்" என்று கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்துக்குள் கழுத்து வளைந்தது, குதிரை பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் அதைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தையின் விளக்கம்.

குதிரை என்றேன். வீணையில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தைக் குதிரை என்கிறோம், கம்பியை அழுத்தும் தடுப்பை மெட்டு என்கிறோம். ஆங்கிலத்தில் அதே குதிரைக்குப் பாலம் என்று பெயர் வைத்து, பாலத்தின் மேல் கம்பி உட்காரும் எலும்புத் துண்டுக்கு 'சேடில்', அதாவது சேணம் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சேணத்தை மட்டும் வைத்தார்கள், நாம் குதிரையையே கட்டிவிட்டோம்!

'ஆக்ஷன்' என்ற சொல் அடுத்தது. சினிமா ஆக்ஷன் இல்லை. மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள உயரம். பன்னிரண்டாவது மெட்டின் மேல் அளப்பார்கள். எலக்ட்ரிக் கிடாரில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் விரலுக்குச் சுகம். மலிவுக் கிடார்களில் மூன்று, நான்கு மில்லிமீட்டர்கூட நான் அளந்திருக்கிறேன். "எனக்குக் கிடார் வராது, விரலெல்லாம் ரத்தம் கட்டுது" என்று விட்டுவிட்டவர்கள் இந்தச் சபையிலேயே எத்தனையோ பேர் இருப்பீர்கள். வராதது உங்களுக்கு இல்லை ஐயா, ஆக்ஷன் உயரம். இந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் "ஆக்ஷனைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்க" என்று பழுது பார்ப்பவரிடம் கேட்டிருப்பீர்கள். சேணத்தை அரைத்துக் கொடுப்பார், வேலை முடிந்தது. என்னைக் கேட்டால், ஒரு பெட்டி நிறைய பாடப் புத்தகத்தைவிட இந்தச் சொல் அதிகம் பேரைக் கிடாரோடு சேர்த்து வைக்கும்.

ரொம்பவும் இறக்கினால் கம்பி மெட்டில் இடித்து 'பஸ்' என்று அதிரும். 'ஃப்ரெட் பஸ்' என்பது அதுதான். அங்கே ஒரு எச்சரிக்கை. கழுத்துக்குள்ளே 'டிரஸ் ராடு' என்று ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. சிவில் துறை நண்பர்களுக்கு உடனே விளங்கும்: ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டில் கம்பியை இழுத்துக் கட்டுவது போல, கம்பிகள் கழுத்தை முன்னால் வளைக்க, இந்தத் தண்டு பின்னால் இழுத்துச் சமன் செய்கிறது. கழுத்தில் வேண்டுமென்றே விட்டுவைக்கும் மெல்லிய குழிவுக்கு 'ரிலீஃப்' என்று பெயர். நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுதான். டிரஸ் ராடைத் திருகுவது ரிலீஃபுக்காக, ஆக்ஷனுக்காக இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்து, ஸ்பானரை எடுத்து முழுச் சுற்று சுற்றிவிடுகிறார்கள். கால் சுற்று சுற்றிவிட்டுப் பொறுத்திருந்து பார்ப்பதுதான் முறை. மெக்கானிகல் பசங்களிடம் கிடாரைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கம்பி வாங்கும்போது "பத்து குடுங்க", "ஒன்பது குடுங்க" என்பார்கள். எண்ணிக்கை இல்லை, மிக மெல்லிய கம்பியின் கனம், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு என்று கணக்கு. எலக்ட்ரிகல்காரர்கள் இங்கே தடுமாறுவோம். நம் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். இங்கே எண் ஏற ஏறக் கம்பி தடிக்கும்.

அடுத்தது ஒத்திகை அறையில் நடக்கும் சண்டை. நம் கல்லூரிக் குழுவில் இரண்டு விதமான பிள்ளைகள் சேர்வார்கள். ஒரு பக்கம் பாட்டு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் படித்து வந்த பெண். இன்னொரு பக்கம் அண்ணனிடம் கிடார் கற்ற பையன். "உனக்கு கீ என்ன?" என்கிறான் அவன். "அஞ்சரைக் கட்டை" என்கிறாள் அவள். அவன் விழிக்கிறான். "கீ கேட்டா கட்டைங்கறியே!" என்கிறான். "அதான் சொன்னேனே, அஞ்சரை" என்று அவளுக்கும் கோபம் வருகிறது. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல், 'இவளுக்கு வெஸ்டர்ன் தெரியாது', 'இவனுக்கு சுருதியே தெரியாது' என்று இரண்டு பேரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல குரல் ஒன்று குழுவை விட்டுப் போகிறது. இதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தீர்வு ஒரு நிமிட வேலை. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்கள்: சி ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே அஞ்சரை என்றால் ஜி ஷார்ப். அந்தப் பையன் 'கேப்போ' என்ற கவ்வியை முதல் மெட்டில் மாட்டிக்கொண்டு, ஜி-யில் தனக்குப் பழகிய கை வடிவத்திலேயே வாசித்துவிட்டுப் போகலாம். கேப்போவுக்கு 'சீட்டர்', அதாவது ஏமாற்றுக்காரன் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பந்தா ஆசாமிகள் வைத்த பெயர். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அதே மாதிரி "ஒன்-ஃபோர்-ஃபைவ், ஏ-யில்" என்று மேடையில் ஒருவன் கத்தினால், ஏ, டி, ஈ என்ற மூன்று கார்டு என்று அர்த்தம். அந்தப் பெண்ணிடம் இதை 'ச, ம, ப, ஆறு கட்டையில்' என்று சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். இரண்டு பேரும் அதே ஷட்ஜம், சுத்த மத்யமம், பஞ்சமத்தைத்தான் வேறு வேறு பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

'பெண்ட்' என்றால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது. 'ஃபுல் பெண்ட்' என்றால் இரண்டு மெட்டு அளவு, 'ஹாஃப்' என்றால் ஒரு மெட்டு அளவு. வீணைக்காரருக்கு இது காலைக் காப்பி மாதிரி. உயரமான மெட்டுகள் மெழுகின் மேல் நிற்பதால், ஒரே மெட்டில் நின்று இழுத்தே பல சுரங்களைத் தொட்டுவிடுவார்கள். கிடாரில் விரல் பலகை தடுக்கும். ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் எல். சங்கர், விக்கு விநாயகராம், ஜாகிர் உசேன் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழிவாகச் செதுக்கிய கிடாரைச் செய்யச் சொல்லி வாங்கினார். அதற்கு 'ஸ்காலப்டு' என்று பெயர். இன்றைக்கு அதிவேக ராக் வாசிப்பவர்களும் ஸ்காலப்டு கிடார் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வீணையைப் பார்த்துவிட்டுப் பேசு தம்பி என்று சொல்லத் தோன்றும்.

ஒரு சொல்லில் மட்டும் கிடார் உலகம் முழுவதுமே தடம் புரண்டிருக்கிறது: 'டிரெமலோ'. பொறியியல் கணக்கில் டிரெமலோ என்றால் ஒலியின் அளவு ஏறி இறங்குவது, நம் பாஷையில் ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன். வைப்ரேட்டோ என்றால் சுருதி ஏறி இறங்குவது, ஃப்ரீக்வென்சி மாடுலேஷன். லியோ ஃபென்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை வெளியிட்டபோது சுருதியை அசைக்கும் கைப்பிடிக்கு 'டிரெமலோ' என்று பெயர் வைத்தார். அதே நிறுவனம் பல ஆம்ப்ளிஃபயர்களில் ஒலி அளவை அசைக்கும் வசதிக்கு 'வைப்ரேட்டோ' என்று எழுதியது. இரண்டும் தலைகீழ்! ஏ.எம்.-ஐயும் எஃப்.எம்.-ஐயும் மாற்றி எழுதினால் நம் கம்யூனிகேஷன் புரொஃபசர் மதிப்பெண் போட்டிருப்பாரா? எழுபது ஆண்டுகளாக அந்தத் தலைகீழ்ப் பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, கிளாசிகல் கிடார்க்காரர்கள் ஒரே கம்பியை மூன்று விரலால் படபடவென்று மீட்டுவதையும் டிரெமலோ என்கிறார்கள். ஆகவே யாராவது டிரெமலோ என்று சொன்னால், எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவதே நல்லது.

தொனியைப் பற்றிய சொற்களுக்கு வருகிறேன். 'கிளீன்', 'கிரஞ்ச்', 'ஓவர்டிரைவ்', 'ஃபஸ்' என்று சொல்வதெல்லாம் நமக்குத் தெரிந்த கிளிப்பிங்கின் வெவ்வேறு படிகள்தான். ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடிய அளவுக்குமேல் சிக்னலை ஏற்றினால் சைன் அலையின் தலை மழுங்கி, சதுரமாகி, ஹார்மோனிக்ஸ் கிளம்பும். மழுங்குவதற்கு முன் மிச்சமிருக்கும் இடம் 'ஹெட்ரூம்'. வேடிக்கை என்னவென்றால், நாலு வருஷம் நம்மை டிஸ்டார்ஷனைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இவர்கள் காசு கொடுத்து டிஸ்டார்ஷன் வாங்குகிறார்கள். 1961-இல் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டில், ஒலிப்பதிவு மேஜையின் ஒரு சானல் பழுதாகி கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கரகரத்தது. அழிக்காமல் விட்டார்கள், ஜனங்களுக்குப் பிடித்துப் போனது. அந்தப் பழுதையே ஒரு பெட்டிக்குள் அடைத்து 1962-இல் 'ஃபஸ் டோன்' என்று விற்றார்கள். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதைப் போட்ட பிறகுதான் கடைகளில் பிய்த்துக்கொண்டு போனது. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பெட்டிக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் கிழித்தே அந்தச் சத்தத்தை வரவழைத்தார்.

'வார்ம்', 'மடி', 'கிளாஸி', 'ஹாங்க்' என்று இன்னும் ஒரு கூடைச் சொல் இருக்கிறது. சூடு, சேறு, கண்ணாடி, வாத்துக் கத்தல். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போய் இந்த ஆங்கிலத்தைப் பேசிப் பயனில்லை. நாங்கள் "அண்ணே, மடியா இருக்கு" என்று சொன்னோமானால், அவர் மடி ஆசாரமா என்று பார்ப்பார். இதற்கு நம் இரட்டைக்கிளவியே போதும் என்பது என் கட்சி. "கொழகொழன்னு கேக்குதுண்ணே" என்றால் அவர் கை தானாக 300 ஹெர்ட்ஸ் பக்கம் போய்க் குறைக்கும். "கணீர்னு இல்லை" என்றால் 3,000-க்கு மேலே ஏற்றுவார். "கீச்சுங்குது", "கும்முங்குது" எல்லாம் அவருக்குத் துல்லியமான அளவுகள்.

இப்போது என் தோழனுக்கு வாக்களித்த டிரான்ஸ்ஃபார்மர்.

எலக்ட்ரிக் கிடாரின் 'பிக்கப்' ஒரு காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடேதான், வேறொன்றுமில்லை. ஆனால் சுருளுக்கு நம் வாசிப்பு எது, பக்கத்திலிருக்கும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. 'ங்ங்ங்' என்று இரைச்சல் வரும். அமெரிக்கப் புத்தகங்களில் இதற்கு 'சிக்ஸ்டி சைக்கிள் ஹம்' என்று பெயர். நம் ஊரில் அது ஐம்பது சைக்கிள். நம் ஊர் ஹம்மின் இரட்டிப்பு 100 ஹெர்ட்ஸ், தடித்த கம்பியில் மூன்றாவது மெட்டை அழுத்தினால் வரும் ஜி-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஜி-யில் பாட்டு ஆரம்பித்தால் மேடையே சுருதி விலகி இருப்பதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இதற்கு மருந்து கண்டார். இரண்டு சுருள்கள், சுற்றும் திசை எதிரெதிர், காந்தத் துருவமும் எதிரெதிர். கம்பியின் சிக்னல் இரண்டிலும் கூடும், ஹம் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். பெயரே 'ஹம்பக்கர்'. 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1959-இல் கிடைத்தது. இடையில் வந்த பிக்கப்புகளின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைடு ஃபார்' என்று சின்ன ஒட்டுச்சீட்டு இருக்கும். அதன் முதலெழுத்துகள்தான் 'பி.ஏ.எஃப்.' இன்றைக்குக் கிடார்க்காரர்கள் இந்த மூன்றெழுத்தைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும், சன்னிதியில் பேசுவதுபோல. இதில் கொசுறு: பிறகு ஒட்டிய சீட்டில் அச்சிட்ட காப்புரிமை எண், பிக்கப்பின் எண்ணே இல்லை, கம்பியை மாட்டும் ஒரு பாகத்தின் எண்!

இந்த ஹம்தான் நான் சொல்ல வந்த ஆபத்தான சொல்லில் கொண்டுபோய் விடுகிறது. 'கிரவுண்ட் லிஃப்ட்'.

ஆம்ப்ளிஃபயர் ஒரு பிளக்கில், மிக்ஸர் இன்னொரு பிளக்கில் இருக்கும்போது எர்த் பாதை இரண்டாகி ஒரு வளையம் உண்டாகிறது. அந்த 'கிரவுண்ட் லூப்' வழியாக ஹம் ஏறும். அதைப் போக்க, 'டி.ஐ. பாக்ஸ்' என்ற சின்னப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அது சிக்னல் ஒயரின் ஷீல்டை மட்டும் துண்டிக்கும். மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. இதில் ஆபத்தே இல்லை.

ஆனால் "கிரவுண்டை லிஃப்ட் பண்ணினா ஹம் போயிடும்" என்று யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஹம் போய்விடும், அதுதான் வம்பு. போனவுடன் "பார்த்தியா, சரியாப் போச்சு" என்பார்கள். இன்னும் சிலர் பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயரை சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகுவார்கள். நம் ஊர் மேடைகளில் தீக்குச்சிக்கு உள்ள இன்னொரு உபயோகம் அது.

நடப்பது என்ன என்று பாருங்கள். கிடாரின் கம்பிகள் எல்லாம் குதிரை வழியாக ஒயரின் ஷீல்டோடு சேர்ந்திருக்கின்றன. ஷீல்டு ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது. கம்பியைத் தொட்டால் ஹம் குறைவதை எல்லோரும் கவனித்திருப்பீர்கள், அது இந்த இணைப்பால்தான். எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரின் உள்ளே ஒரு இன்சுலேஷன் கெட்டால், 230 வோல்ட் சட்டத்துக்கு வந்து, ஷீல்டு வழியாகக் கம்பிக்கு வந்து, வாசிப்பவன் கைக்கு வந்து காத்திருக்கும். தரையில் ரப்பர் செருப்போடு நிற்கும்வரை அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாட வாயை மைக்கிடம் கொண்டுபோகிறான். மைக் மிக்ஸரின் எர்த்தோடு இருக்கிறது. கை ஒரு முனை, உதடு மறு முனை, நடுவில் இதயம்.

இது கற்பனை இல்லை. 1965-இல் சாக்ரமென்டோ மேடையில் கீத் ரிச்சர்ட்ஸின் கிடார் மைக் ஸ்டாண்டில் பட்டு அவர் மூர்ச்சையாகி விழுந்தார், பிழைத்துக்கொண்டார். 1972-இல் பிரிட்டனில் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார், மேடையிலேயே போய்விட்டார். அங்கே பழுது மைக் பக்கம், நான் சொன்னதில் ஆம்ப்ளிஃபயர் பக்கம். எந்தப் பக்கத்தில் எர்த் விட்டுப் போனாலும் நடுவில் அகப்படுவது வாசிப்பவன்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, மேடை ஏறுமுன் செய்ய வேண்டியது இதுதான். ஆம்ப்ளிஃபயரும் மிக்ஸரும் ஒரே எர்த்துள்ள இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும், பாதி ஹம் அதிலேயே போகும். மிச்சத்துக்கு டி.ஐ. பாக்ஸின் சுவிட்ச், அல்லது ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். மேடைக்கு வரும் லைனில் 30 மில்லி ஆம்பியரில் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். நம் பிளக்கில் எர்த் பின் ஏன் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமன்? செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும். அவ்வளவு யோசித்து வைத்த பின்னை யாராவது பிடுங்க வந்தால் "அண்ணே, சத்தம் இருந்தா இருக்கட்டும், பின்னை விடுங்க" என்று சொல்லுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் குழுவுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கித் தருவதாகச் சிலர் அன்போடு சொன்னீர்கள். அமெரிக்காவில் வாங்கினால் பின்பக்கத் தகட்டைப் பார்த்து வாங்குங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று போட்டிருந்தால், இங்கே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வோல்ட்டேஜ்தான் இறங்கும், ஹெர்ட்ஸ் மாறாது. 50 ஹெர்ட்ஸில் இரும்பு உள்ளகத்தில் ஃப்ளக்ஸ் ஐந்தில் ஒரு பங்கு கூடிச் சூடேறும். 50/60 என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள், அல்லது அந்தப் பணத்தை இங்கேயே கொடுங்கள், பிள்ளைகள் 230 வோல்ட் மாடலை வாங்கிக்கொள்வார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்ட வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

மாலை ஆறரை மணிக்குத் திறந்தவெளி அரங்கில் மாணவர் குழு வாசிக்கிறது. மேடை லைனை மத்தியானம் மெக்கரில் அளந்து பார்த்துவிட்டோம், எர்த் நன்றாக இருக்கிறது. நூடுல் செய்கிறவர் யார் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.